இரும்பை இரும்பு கடிக்காமல் காப்போம்

செம்பனை ஆலையிலும் ரப்பர் ஆலையிலும் பட்டறை வேலை பார்ப்பவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். புத்தம்புதிய எவர்சில்வர் போல்ட்டில் புத்தம்புதிய எவர்சில்வர் நட்டைப் போட்டு விறுவிறுவென்று முடுக்குகிறோம். பாதி வழியில் அது நின்றுவிடுகிறது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. பலங்கொண்ட மட்டும் திருகினால் போல்ட் முறிகிறது. ஸ்பேனர் வழுக்கினாலோ கைவிரல் நசுங்குகிறது. 'துரு பிடித்துவிட்டது' என்கிறோம். புதுச் சாமானில் துரு ஏது?

நடந்தது வேறு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் எஃகிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. இரண்டு எஃகுத் துண்டுகள் அழுந்தி உரசும்போது மேடுகள்தாம் முதலில் தொடுகின்றன. அந்தச் சிறு புள்ளிகளே முழு அழுத்தத்தையும் தாங்குகின்றன. எஃகின்மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் மெல்லிய படலம் அங்கே உரிந்துவிடுகிறது. வெறும் உலோகமும் வெறும் உலோகமும் சந்தித்தவுடன் நெருப்பில்லாமலேயே ஒட்டிக்கொள்கின்றன. மேலும் திருகினால் ஒன்றிலிருந்து துணுக்கு பிய்ந்து மற்றதில் அப்புகிறது. அத்துணுக்கு அடுத்த இடத்தைக் கீறுகிறது. கடைசியில் இரண்டும் இறுகிவிடுகின்றன. எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் தோசை பிடித்துக்கொண்டு பிய்ந்து வருகிறதல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். எவர்சில்வர் எளிதில் இழுபடும் உலோகம். ஆகவே அதில் இந்தத் தொல்லை அதிகம்.

இத்தொல்லை உயிருக்கே உலை வைத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் ஜான் கேரண்ட் என்பவர் வடிவமைத்த எம்-1 துப்பாக்கியை அந்நாட்டுப் படை 1936-இல் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு முறை சுட்டதும் அதிலுள்ள தாழ்ப்பாள் போன்ற எஃகுப் பாகம் தானாகத் திரும்பித் திறந்து, மறுபடி பூட்டிக்கொள்ளும். எண்ணெய் இருந்தவரை அது நன்றாக வேலை செய்தது. கொட்டும் மழையிலோ எண்ணெய் கழுவிப்போயிற்று. எஃகோடு எஃகு உரசி, தாழ்ப்பாள் அசைய மறுத்தது. போர்முனையில் துப்பாக்கி அப்படி நின்றுவிட்டால் சிப்பாயின் கதி என்ன?

பரிகாரம் எளிதாகவே இருந்தது. மழைக்குச் சட்டென்று கழுவிப்போகாத கிரீஸை அந்த உரசும் இடங்களில் தடவச் செய்தார்கள். சிறிய டப்பியில் அடைத்த கிரீஸைத் துப்பாக்கிக் கட்டையின் உள்ளேயே சிப்பாய் வைத்துக்கொண்டார். எஃகின்மேல் பாஸ்பேட் பூச்சும் ஏற்றியிருந்தார்கள். அந்தச் சொரசொரப்பான பூச்சு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, சுத்தம். திருகின் புரிகளில் மணலோ இரும்புத் தூளோ இருந்தால் துடைத்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, மசகு. எவர்சில்வர் திருகுகளுக்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசை ஏற்றது. புரி முழுவதும் படும்படி மெல்லிதாகத் தடவினால் போதும்.

மூன்றாவது, சேர்க்கை. ஒரே ரக எஃகோடு ஒரே ரக எஃகு உரசாமல் பார்த்துக்கொள்வது நலம். எவர்சில்வர் போல்ட்டுக்கு, இடம் அனுமதித்தால், வெண்கல நட்டு போடலாம். ஒரு பாகத்தை மற்றதைவிடக் கடினமாக்குவதும் உண்டு.

நான்காவது, நிதானம். முதலில் கையால் நேராகப் பொருத்தி, பிறகு மெதுவாக முடுக்க வேண்டும். வேகம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் கவ்வும். வழக்கத்துக்கு மாறாக இறுகினால் உடனே நிறுத்துவோம். எண்ணெய் விட்டு, சற்று நேரம் ஊறவைத்து, மெல்லப் பின்னோக்கி அசைப்போம். வரவில்லையானால் பலாத்காரம் வேண்டாம். அறுத்தெடுத்துப் புதியது போடுவோம். போல்ட்டின் விலை கொஞ்சம். விரலுக்கு விலை ஏது?

நேயர்களே, நெருங்கிப் பொருந்துவது நல்ல வேலைப்பாட்டின் அடையாளந்தான். ஆனால் அந்த நெருக்கத்தின் நடுவே மெல்லிய மசகுப் படலம் ஒன்று இருந்தாக வேண்டும். பட்டறை வேலைக்குப் போகும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.