கன்றுகளுக்குக் காவல்



திருக்குறளின் உழவு அதிகாரத்தை நாம் பெரும்பாலும் உழவர் பெருமை பேசுவதற்கே எடுத்தாளுகிறோம். மேடையில் எடுபடக்கூடிய குறள்கள் அதில் இரண்டு மூன்று உண்டு. எட்டாவது குறளை மட்டும் அவ்வளவாக எவரும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை. உழுவதைக் காட்டிலும் எருவிடுவது நன்று, களை எடுத்த பின்னர் நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் பயிரைக் காப்பது நன்று என்று வள்ளுவர் அதிலே சொல்கிறார். நயம் பாராட்ட அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் புரட்டாதியில் விதையிட்டுக் கார்த்திகை வரைக்கும் நாற்றுகளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த அதிகாரத்திலே அனுபவம் கூடிய குறள் அதுதான்.

வற்றாத ஆறு ஒன்றில்லாத குடாநாடு எங்களுடையது. கிணற்றை நம்பித் தோட்டம் செய்த மக்களாதலால், தோட்டவேலை என்றாலே எங்களுக்கு இறைப்புத்தான் நினைவில் வரும். நாற்றுமேடையிலோ சங்கதி வேறு. கத்தரி விதையும் மிளகாய் விதையும் ஏழு முதல் பத்து நாளில் முளைவிடும். அந்த நேரம் பார்த்து மழை நாலு நாள் விடாமல் பெய்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்து அழுகிவிடும். காலையில் நின்ற நாற்று மாலையில் சாய்ந்து கிடக்கும். ஈரம் மிஞ்சிய மண்ணில் பெருகும் பங்கசுகளின் வேலை அது. பாத்தியை உயர்த்திக் கட்டுவதும், விதையிடுமுன் அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பதும் அதற்கான காப்பு. அவ்வாறு எரித்த மேடையிலேயே இம்முறை எங்கள் வளவில் கத்தரி நாற்றிற் பாதி போய்விட்டது. எரிக்காதிருந்தால் மற்றப் பாதியும் மிஞ்சியிராது. நீரிலிருந்தே பயிரைக் காக்கவேண்டிய நாட்களும் உண்டு என்பது அந்தக் குறளுக்கு எங்கள் மாரிகாலம் எழுதும் உரை.

பரிமேலழகர் இங்கே காப்பு என்பதற்குப் பட்டி முதலியவற்றால் அழியாமற் காத்தல் என்று பொருள் கொள்கிறார். பட்டி என்றால் நாங்கள் கட்டாக்காலி என்கிறோமே, அந்த மாடுதான். வேலியில் ஒரு பொட்டு விழுந்தாற் போதும், ஓர் இரவிலே ஒரு மாதத்து உழைப்பு முடிந்துவிடும். ஆனால் அவர் சொன்ன ‘முதலிய’ என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். கீரை விதையை எறும்பு வரிசை வைத்துச் சுமந்துபோகும். அதற்காக விதையோடு கொஞ்சம் ரவை கலந்து தூவுவார்கள்; எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு விதையை விட்டுவிடும். பகைவனுக்குப் பங்கு கொடுத்துப் பயிரைக் காக்கும் இந்த உபாயம் எந்த நீதிநூலுக்கும் குறைந்ததல்ல. பூசணி இரண்டு இலை விட்டதும் செவ்வண்டு வந்து அதைச் சல்லடையாக்கும். விடியற்காலைப் பனியீரத்தோடு அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய கைமருந்து. மழை இரவுகளில் ஆபிரிக்க நத்தை வரும்; விளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் வழி. அயல்வீட்டுக் கோழியைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அயலும் வேண்டுமல்லவா?

சங்கப் பாடல்களிலே காவலுக்குக் குறைவில்லை. தினைப்புனத்தில் கிளியோட்டும் பெண்கள் இல்லாவிட்டால் குறிஞ்சித்திணையிற் பாதி இல்லை. கிளியோட்டும் கருவிகளான தழல், தட்டை, குளிர் ஆகியவற்றின் பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டு எமக்குத் தருகிறது. ஆயினும் அது கதிர் முற்றிய புனத்தின் காவல். இரண்டு இலைப் பருவத்தின் காவலுக்குப் புலவர்கள் அவ்வளவு இடம் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. மொழி கொடுத்திருக்கிறது. பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய இளமைப்பெயர்களை ஓரறிவுயிர்க்கும் சொல்லலாம் என்று தொல்காப்பிய மரபியல் கூறும். தென்னம்பிள்ளை, வாழைக்குட்டி, கத்தரிக்கன்று என்று நாங்கள் இன்றைக்கும் சொல்லிவருகிறோம். பின்னேரம் பார்த்துக் கன்றை நட்டு, வெயில் படாமல் பூவரசங்குழை குத்தி நிழல் கொடுக்கும் மூதாட்டிக்கு மரபியல் தெரியாது. மரபு தெரியும்.

2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு யூன் மாதத்தில், பயிர்செய்கைக்கென்று அரசாங்க ஊழியர்களுக்கு மூன்று மாதங்கள் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. எங்கள் அயலிலும் வீட்டுக்கு வீடு பாத்தி எழும்பிற்று. வாரத்தில் ஒரு நாளிலே உழலாம், எருவிடலாம், களையும் பிடுங்கலாம். செவ்வண்டு வெள்ளிக்கிழமை பார்த்து வருவதில்லை. அந்தப் பாத்திகளிற் பல முதல் மாதத்திலேயே புல்லாகிப் போயின. தோட்டம் தங்களுக்குச் சரிவராது என்று அவர்கள் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அவர்களுக்கு விதை கிடைத்தது, விடுமுறை கிடைத்தது; காவலுக்குத்தான் ஆள் இருக்கவில்லை.

இவ்வாண்டு வெண்டி மட்டும் எவருடைய தயவும் வேண்டாமல் ஐந்தாம் நாளே தலைகாட்டி, இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. பயற்றங்கொடி தடியைப் பிடித்துவிட்டது. பாகல் பந்தலைத் தொட இன்னும் ஒரு சாண். கத்தரிக்கு இரண்டாந்தரம் விதை போட்டிருக்கிறோம். நேற்று வரைக்கும் பதினொரு முளை. வானம் மறுபடியும் கறுத்திருக்கிறது.