கிரேத்தாக் கடலில் ஒரு குருவானவர்

போர்க்கப்பலிலே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் வகுக்கப்பட்டிருக்கும். அபாயச் சங்கு ஒலித்ததும் பீரங்கி வீரர் பீரங்கியண்டை செல்வர். இயந்திர வேலையாட்கள் கீழே இறங்குவர். சமையற்காரருக்குக்கூடக் குண்டு சுமக்கும் வேலையோ தீயணைக்கும் வேலையோ காத்திருக்கும். வைத்தியரையும் அவருடைய உதவியாளரையும் விட்டால், ஆயுதமேந்தும் கடமை சிறிதும் இல்லாதவராய் அக்கப்பலில் இருப்பவர் குருவானவர் ஒருவரே. பிரித்தானியக் கடற்படையிலே அவருக்குப் பதவித்தரம் கிடையாது. எவரோடு அவர் பேசுகின்றாரோ அவருடைய தரமே அவ்வேளையில் அவருடைய தரமும் ஆகும் என்பது அங்கு வழங்கும் மரபு. கப்டனோடு பேசும்போது கப்டனுக்குச் சமமானவர். கொதிகலன் அறையில் எண்ணெய்க் கையோடு நிற்கும் வாலிபனோடு பேசும்போது அவனுக்குச் சமமானவர்.

அத்தகைய குருவானவர் ஒருவரின் கதையே இது.

கிறிஸ்தோபர் சாம்பெயின் டானர் 1908 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரிற் பிறந்தவர். அந்நகரத்துக் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பெம்புரோக் கல்லூரியிலும் பயின்றார். 1930 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகத்துக்காக றக்பி ஆடினார். 1930க்கும் 1932க்கும் இடையில் இங்கிலாந்துத் தேசியக் குழுவில் ஐந்து முறை இடம்பெற்றார். கண்டியிலோ கொழும்பிலோ அவ்விளையாட்டைக் கண்டு களித்த நேயர்களுக்கு ஐந்து முறை என்பதன் பெறுமதி விளங்கும். அவர் நின்ற இடம் ஆடுகளத்தின் ஓரம். மத்தியில் நிற்பவர்கள் மோதிப் புரண்டு பந்தை வென்றெடுக்க, அது கைமாறிக் கைமாறி இறுதியிலே ஓரத்தில் நிற்பவரிடம் வந்து சேரும். அதுவரை அவர் பொறுத்திருத்தல் வேண்டும். வந்தபின்னரோ நின்று யோசிக்க நேரமில்லை; எல்லைக்கோட்டுக்கும் எதிரிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலே ஓட வேண்டும்.

ஆங்கில நாட்டிலே விளையாட்டு வீரர் குருவானவராவது புதுமையன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலிருந்தே, உடலுரம் பக்திக்கு உறுதுணை என்ற கொள்கை அங்குள்ள பள்ளிக்கூடங்களிலே வேரூன்றியிருந்தது. அக்கொள்கையில் ஓரளவு பேதைமையும் இருந்ததென்பதை மறைக்க வேண்டியதில்லை. பந்தை நன்றாக உதைப்பவன் நல்லவனாகவும் இருப்பான் என்று நம்பியவர்கள் பலர். அந்நம்பிக்கையினாலே ஏமாந்தவர்களும் பலர். டானருடைய கதையை அக்கொள்கைக்கு அத்தாட்சியாகக் கொள்ளுதல் அவருக்கு நியாயம் செய்வதாகாது. அவர் குருப்பட்டம் பெற்றார்; ஊர்க் கோயில்களிலே உதவிக் குருவாகப் பணி செய்தார். யுத்தம் மூண்டபின் கடற்படையின் தொண்டர் பிரிவிலே சேர்ந்து, ‘பீஜி’ என்னும் குரூசர்க் கப்பலுக்குக் குருவானவராகச் சென்றார்.

1941 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் திகதி, ஜெர்மானியர் ஆகாயத்திலிருந்து படைகளை இறக்கிக் கிரேத்தாத் தீவைத் தாக்கினர். வேத புத்தகம் வாசித்தோருக்குத் தெரிந்த தீவு அது. பவுல் அப்போஸ்தலர் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அவரேறிய கப்பல் அத்தீவின் ஓரமாகவே சென்று புயலில் அகப்பட்டது. கப்பல் உடைந்தும், அதிலிருந்த 276 பேரும் மெலித்தா தீவிலே உயிரோடு கரையேறினர் என்பது வேதாகமம் கூறும் செய்தி. அதே கடலிலே 1941 இல் நிகழ்ந்தது வேறு.

தீவுக்குக் கடல் வழியாக எதிரி வராமற் காப்பது பிரித்தானியக் கடற்படையின் பொறுப்பு. கடலில் அவர்களுக்கு நிகரில்லை. ஆயின் ஆகாயம் முழுவதும் ஜெர்மானியர் வசம் இருந்தது. மே 22 ஆந் திகதி பிற்பகலிலே ‘கிறேஹவுண்ட்’ என்ற நாசகாரிக் கப்பல் குண்டுபட்டு மூழ்கிற்று. தத்தளித்தவர்களை மீட்பதற்கு ‘கந்தகார்’, ‘கிங்ஸ்டன்’ என்ற இரு நாசகாரிகளும், அவற்றுக்குத் துணையாகக் ‘குளோஸ்டர்’, ‘பீஜி’ என்ற இரு குரூசர்களும் அனுப்பப்பட்டன. அவ்விரு குரூசர்களிலும் விமான எதிர்ப்புக் குண்டுகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டிருந்தன. இது பின்னரே மேலிடத்தாருக்குத் தெரியவர, திரும்பும்படி கட்டளை பிறந்தது. திரும்பும் வழியில், நான்கு மணிக்குச் சற்று முன்னதாகக் ‘குளோஸ்டர்’ தாக்குண்டது. யுத்தத்தின் தொடக்கத்திலே கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவில் சேவைபுரிந்த கப்பல் அது; இந்து சமுத்திரத்துக்கு அந்நியமானதன்று.

இப்போது ‘பீஜி’யின் கப்டன் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. நின்றால் தம் கப்பலும் போகும். மிதவைகளைக் கடலில் எறிந்துவிட்டு அவர் விலகிச் சென்றார். ‘குளோஸ்டர்’ கப்பலில் இருந்தவர்கள் 807 பேர். அவருள் 722 பேர் மாண்டனர். கப்டன் செய்தது பிழையென்று பின்னர் வந்த எவரும் எளிதிற் கூறிவிட முடியாது. யுத்தத்திலே அப்படியொரு கணக்கு உண்டு. எழுநூறு பேரைக் காக்கச் சென்று மேலும் எழுநூறு பேரை இழப்பதோ என்பது அக்கணக்கு. அதனைப் போடுபவர் கல்நெஞ்சர் அல்லர். ஆயினும் ‘பீஜி’யின் மேற்றட்டில் நின்று, தம் தோழர் கடலில் விழுந்து கிடப்பதைப் பார்த்தபடி விலகிச் சென்றவர்களுக்கு அது எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ இருபது தாக்குதல்களைப் ‘பீஜி’ சமாளித்தது. உண்மையான குண்டுகள் ஒழிந்தபின் பயிற்சிக் குண்டுகளையே சுட்டார்கள். மாலை 6.45 மணிக்கு மேகத்திலிருந்து இறங்கிய ஒற்றை விமானம் வீசிய குண்டு கப்பலின் அருகே வெடித்து அதன் அடிப்பாகத்தைப் பிளந்தது. கப்பல் சாய்ந்து நின்றது. அரை மணி நேரத்தின் பின் மற்றொரு விமானத்தின் குண்டுகள் விழுந்தன. 8.15 மணியளவிலே அது கவிழ்ந்தது.

இனி அந்தக் கணக்கு ‘பீஜி’யின் மாலுமிகள்மீதே திரும்பிற்று. இரு நாசகாரிகளும் படகுகளையும் மிதவைகளையும் நீரில் விட்டுத் தெற்கே விலகின. நீரில் மிதந்தவர்கள் தம்மைவிட்டுப் போகும் கப்பல்களைக் கண்டார்கள். ஆனால் இம்முறை இரவு துணைநின்றது. இருள் நன்கு கவிந்தபின் ‘கந்தகார்’, ‘கிங்ஸ்டன்’ இரண்டும் திரும்பி வந்தன. அன்றிரவு மீட்கப்பட்டவர்கள் 523 பேர்.

மீட்பதென்பது கேட்பதற்கு எளிது. விளக்கேற்ற முடியாத இரவு. நின்ற இடத்தில் நெடுநேரம் நிற்கத் துணியாத கப்பல். நீண்ட நேரம் நீரிற் கிடந்தவனுடைய விரல்கள் கயிற்றைப் பற்றமாட்டா. காயம்பட்டவனோ, நீந்தத் தெரியாதவனோ, கண்ணுக்கெதிரே கப்பல் நிற்க, அதனை அணுக வலியின்றி மாண்டுபோதல் கூடும். கப்பலுக்கும் மனிதனுக்கும் இடையே கிடந்த அச்சிறிய நீர்ப்பரப்பே அன்று மிகப் பெரிய தூரமாயிற்று.

டானர் தமது கப்பலைக் கடைசியாக விட்டு நீங்கியவர்களுள் ஒருவர். நீரில் இறங்கியபின் அவர் செய்த வேலை ஒன்றே. வலியிழந்த ஒருவனைத் தேடிச் சென்று பற்றுவார். கப்பலின் ஓரத்துக்கு இழுத்து வருவார். மேலே இருப்பவர்களிடம் ஒப்படைப்பார். தாம் ஏறாமலே திரும்பி நீந்துவார். இவ்வாறு முப்பது பேர் வரையிற் கரைசேர்த்தார் என்பர். மொத்த எண்ணிக்கையிலே முப்பது பெரிதன்று. ஆயினும் அவர் கணக்கு வேறு. எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை; அடுத்தவன் எங்கே என்பது மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வயதினர், உடலைப் பழக்கியவர். அந்த உடல் அவரைப் பல முறை கொண்டுபோய்க் கொண்டுவந்தது. எந்தப் பயிற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அவர் அவ்விரவிலே நெடுநேரத்துக்கு முன்னரே கடந்துவிட்டிருக்க வேண்டும்.

இறுதியில் ஒருவனே எஞ்சி நின்றான். டானர் அப்போது களைத்து ஓய்ந்திருந்தார். ஏறியிருந்தால் எவரும் குறைகூறியிரார். அவனை மீட்கும்படி பணிக்க ஒரு கட்டளையோ, சட்டமோ, அதிகாரியோ அங்கு இல்லை. அவர் மீண்டும் நீந்தினார். அவனைக் கொண்டுவந்தார். அவன் பத்திரமாக மேலே ஏற்றப்படும்வரை நீரிலேயே நின்று பார்த்தார். பின்னர் அவரைத் தூக்கி எடுத்தார்கள். கப்பல் தட்டிலே கிடத்திய சில நிமிடங்களுக்குள் அவர் உயிர் பிரிந்தது.

கிரேத்தாப் போரிலே பிரித்தானியக் கடற்படை மூன்று குரூசர்களையும் ஆறு நாசகாரிகளையும் இழந்தது. ‘பீஜி’யில் மட்டும் 241 பேர் மாண்டனர்.

கடலில் உயிர் காத்தவர்க்கென 1866 ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது அல்பேட் பதக்கம். அது 1942 ஆம் ஆண்டிலே டானருக்கு, அவர் இறந்தபின், வழங்கப்பட்டது. அரசாங்க வர்த்தமானியில் வெளிவந்த அறிவித்தல் மிகச் சுருக்கமானது. கப்பலின் பெயரும் குருவானவரின் பெயரும் அதிலுண்டு. அவர் இழுத்துவந்தவர்களுள் எவருடைய பெயரும் அதில் இல்லை; கடைசியாகக் கொண்டுவரப்பட்டவனுடைய பெயருங்கூட இல்லை.