மெழுகு ஏரிக்குப் போன ஊர்

அவையில் அமரத் தக்கவர் யார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் கால்வேலி நிலம். சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. 921ஆம் ஆண்டின் சோழ மன்னன் பராந்தகன் சாசனம் இப்படி அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த ஊரில் தலைமை இருக்கையில் என்னை அமர்த்தியிருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, சற்று அச்சமாகவும் இருக்கிறது. இந்தக் கருத்தரங்கின் பொருளில் நெடுங்காலம் உழைத்தவர்கள் எதிரிலேயே அமர்ந்திருக்கிறீர்கள் என்பதால் வரும் அச்சம் அது. நான் சொல்வதில் பிழை இருந்தால் இன்றைய அமர்வுகளிலேயே எடுத்துக்காட்டுங்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்குக் கட்டாயத் திறன் தேர்வு என்பது நாம் எடுத்துக்கொண்ட பொருள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டுக்குரிய இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) நிலை, முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு விதிகள் வைத்த 30,000 ரூபாய் உச்சவரம்பு, 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆகியவற்றை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. சவூதி அரேபியா 2021இல் தொடங்கிய திறன் சரிபார்ப்புத் திட்டம் பாகிஸ்தானைத் தொட்டு இந்தியாவுக்கும் வந்துவிட்டது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏ.சி. மெக்கானிக், வாகன எலக்ட்ரீஷியன் என்று ஐந்து தொழில்களில் இங்கே கால் வைத்தது. விமானம் ஏறுவதற்கு முன்பே, ஊரிலேயே, கைவேலையைக் காட்டித் தேற வேண்டும். நமக்கு இது புதுமையும் இல்லை. சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர்கள் அந்நாட்டுக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு மையங்களில் ‘ஸ்கில் டெஸ்ட்’ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தத் தேர்வைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தடுப்புச் சுவர் வைத்த சிறு கூடு ஒன்று. உள்ளே ஒருவர், வரைபடம் ஒன்று, எண்ணிக் கொடுத்த டைல்ஸ், குழைத்த சாந்து. சுவரும் தரையும் சேரும் மூலையில் டைல்ஸை அளந்து வெட்டி ஒட்ட வேண்டும். மதிப்பிடுபவர் வந்து ரசமட்டத்தை வைப்பார், தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார், இடைவெளியை அளப்பார். இது நேர்மையான சோதனை என்றே நான் கருதுகிறேன். குமிழ் நடுவில் நின்றால் நின்றது. சாதியோ சிபாரிசோ அதை நகர்த்தாது. ஆகவே தேர்வே கூடாது என்று வாதிடும் நண்பர்களோடு என்னால் சேர முடியவில்லை. ஆனால் அந்தக் கூட்டுக்குள் ஓர் இளைஞர் போய் நிற்பதற்கு முன் வெளியே என்ன நடக்கிறது என்பதைத் திறன் சான்று பற்றிய நம் கட்டுரைகள் போதுமான அளவு பேசவில்லை. பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தங்கும் செலவு, பிறகு முகவருக்கு. எல்லாம் சேர்ந்து லட்சக் கணக்கில் போவது ஊரறிந்த செய்தி. அந்தப் பணத்துக்காக வீட்டு நகை அடகுக் கடைக்கும் கூட்டுறவு வங்கிக்கும் போகிறது. அங்கே மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறார். மகனின் கைத்திறன் சோதிக்கப்படுவதற்கு முன்பே தாயின் தாலிக்கொடி சோதிக்கப்பட்டுவிடுகிறது.

உரைகல் என்றதும் இந்த ஊரின் இன்னொரு சாசனத்துக்கு வர வேண்டியிருக்கிறது. இன்றைய என் உரையில் பெரும்பங்கு அதற்குத்தான், பொறுத்தருள வேண்டும். குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தெரிந்தெடுத்ததைச் சொல்லும் குடவோலைச் சாசனங்களை 1904-05 தொல்லியல் ஆண்டறிக்கையில் கல்வெட்டறிஞர் வெங்கையா விரிவாக எழுதியதிலிருந்து உலகம் உத்திரமேரூரைத் தேர்தலின் ஊராகவே அறிகிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் இந்த ஊர்ப் பெயர் சொல்லப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் அதே பராந்தகன் காலத்தில், இதே மகாசபை, ஊராருக்காகப் பொன்னின் மாற்றுக் காண்போரை எப்படி அமர்த்துவது என்றும் ஒரு தீர்மானம் செய்திருக்கிறது. பொன் காணத் தெரிந்தவர்களை ஊரின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஓலை எழுதித் தெரிந்தெடுக்க வேண்டும். அவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொன் காண வேண்டும். மெழுகை, ஏரியைப் பேணும் குழுவான ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவர்களுக்குரிய ஊதியம் அந்த வாரியத்திடமிருந்தே வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆண்டு வாரியத்தார் முன் வந்து தவறு செய்யவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும்.

மெழுகு எதற்கு? பொற்கொல்லர் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பொன்னைக் கல்லில் உரைத்தால் கல்லில் ஒரு கோடு விழும். அந்தக் கோடும் பொன்தான். மெழுகு உருண்டையைக் கல்லின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் கோட்டிலிருந்த பொன் மெழுகில் ஏறிக்கொள்ளும். நாள் முழுக்க ஊரார் பொன்னை உரைத்தவர் கையில் மாலையில் எடை கூடிய ஒரு மெழுகு உருண்டை இருக்கும். சோதனை என்பது சோதிக்கப்படும் பொருளிலிருந்து சிறிதளவைத் தின்றுவிடும் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது. தின்ற பங்கு சோதிப்பவர் மடிக்குப் போனால் அவர் அழுத்தி உரைப்பார், தேவைக்கு மேல் உரைப்பார் என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மெழுகு ஏரிக்குப் போயிற்று, சோதிப்பவருக்குக் கூலி தனியாக வந்தது. இப்படித்தான் நான் அந்த வரிகளைப் படிக்கிறேன்.

இந்த வாசிப்புக்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். இது வரி வசூல் சார்ந்த ஏற்பாடு, அதற்கு மேல் பொருள் ஏற்றக் கூடாது என்று மூத்த ஆய்வாளர் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்கள் பதிப்பித்த பாடங்களை வைத்துத்தான் நானே படித்தேன். ஆயினும் வரி வசூல் மட்டும் நோக்கமென்றால் பொன்னை மதிப்பிடுவோரைச் சபை நேரே நியமித்திருக்கலாம். ஓலை எதற்கு, மூன்று மாத உறுதிமொழி எதற்கு, மெழுகைப் பற்றித் தனி விதி எதற்கு? நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் ஆய்வு நூலில் உத்திரமேரூருக்குத் தனி இடம் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த நாம்தான் குடத்தோடு நின்றுவிட்டோம். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அது பிராமண ஊர், நிலமுடையோர் சபை. உழைப்பாளிக்கு அங்கே இடமே இல்லை. அதை எப்படி முன்மாதிரி ஆக்குவது? உண்மைதான். அந்தச் சபையை நான் முன்மாதிரி ஆக்கவில்லை. சொத்துள்ளவர்கள் தங்கள் சொத்து சோதிக்கப்படும்போது தங்களுக்கு என்ன பாதுகாப்புக் கேட்டார்கள் என்பதைத்தான் காட்டுகிறேன். தங்கள் பொன்னுக்கு அவர்கள் கேட்டதை உழைப்பாளி தன் கைத்திறனுக்குக் கேட்கக் கூடாதா?

இனி இன்றைய மெழுகைப் பார்ப்போம். சிங்கப்பூர்த் தேர்வில் மதிப்பிடுபவர் சிங்கப்பூரின் சார்பில் வருகிறார். அவர் கையில் மெழுகு ஒட்டுவதில்லை. ஆனால் பயிற்சி தருவதும், பெயர் அனுப்புவதும், தேர்வுக் கூடத்தை நடத்துவதும் உள்ளூர் மையம். அதன் வருமானம் தேர்வு எழுதுபவரிடமிருந்து வருகிறது. தவறியவர் மறுபடி கட்டுகிறார். யார் தேறினாலும் தவறினாலும் நட்டப்படாத ஒரே தரப்பு அதுதான். அந்தச் சான்றிதழின் பலன் எந்தப் பக்கம் போகிறது என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல் முதலாளி அரசுக்குக் கட்டும் மாதாந்தரத் தீர்வை, அடிப்படைத் திறன் உள்ள இந்தியத் தொழிலாளிக்கு 900 வெள்ளி. உயர்திறன் உள்ளவருக்கு 500 வெள்ளி. தொழிலாளி ஒரு படி ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளியும் ஆண்டுக்கு 4,800 வெள்ளியும் மிச்சம். திறனைச் சோதித்ததில் முதற்பயன் யாருக்கு என்பதை அந்நாட்டு அரசே எண்ணில் எழுதி வைத்திருக்கிறது. பயன் பெறுபவர் செலவை ஏற்க வேண்டும் என்பது வணிகத்தின் பழைய நியாயம். 2018 நவம்பரில் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முத்தரப்புக் கூட்டம் ஏற்ற வரையறையும் அதையே சொல்கிறது. ஆட்சேர்ப்புச் செலவு எது என்ற அந்தப் பட்டியலில் மருத்துவச் சோதனையோடு திறன் தேர்வுச் செலவும் சான்றிதழ்ச் செலவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பதே அதன் கொள்கை. முகவர் கட்டணம் பற்றிய 1997ஆம் ஆண்டின் 181ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறேன்.

முதலாளி மேல் செலவை ஏற்றினால் அவர் வங்கதேசத்துக்கோ மியன்மருக்கோ போய்விடுவார் என்பார்கள். தேர்வு நம் நாட்டு விதியாக இருந்தால் அந்த அச்சம் சரி. இதுவோ ஆளை எடுக்கும் நாட்டின் விதி. எந்த மையம் தேர்வு நடத்தலாம், எந்தத் தொழிலில் நடத்தலாம், சான்று எத்தனை ஆண்டு செல்லும் என்றெல்லாம் விதிக்கிற நாட்டுக்குக் கட்டணத்தை யார் தருவது என்று ஒரு வரி சேர்ப்பது கடினமில்லை. அந்த வரி எல்லா நாட்டு மையங்களுக்கும் ஒன்றாகவே பொருந்தும். செலவு செய்து எடுத்த ஆள் வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். சிங்கப்பூர் வேலை அனுமதிச் சீட்டு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. தொழிலாளியைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு இருக்கும்போது, அவரை எடுத்த செலவு மட்டும் எப்படித் தொழிலாளியுடையது ஆகும்?

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: கட்டணம் கட்டினால்தான் பொறுப்பாகப் படிப்பான். இதற்கு நம் நாட்டிலேயே எதிர்ச்சான்று இருக்கிறது. பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தின் கீழ், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரின் திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாட்டில் தேர்வு எழுதுபவர் பணம் கட்டியதில்லை. கொத்தனார்களும் பெயிண்டர்களும் வந்து தேறிப் போனார்கள். அந்தச் சான்றிதழ் சிங்கப்பூர் வாசலில் செல்லாது என்பதுதான் குறை. சோதிக்கும் செலவைப் பொதுப் பணம் ஏற்க முடியும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது. அதோடு, சோதனைக் கூடம்தான் ஒரே உரைகல் என்பதையும் சிங்கப்பூரே ஏற்கவில்லை. அந்நாட்டுக் கட்டுமானத்தில் ஆறு ஆண்டு அனுபவமும் மாதம் 1,600 வெள்ளிச் சம்பளமும் இருந்தால், தனித் தேர்வு இல்லாமலே உயர்திறனாளியாக ஏற்கும் வழியை அது வைத்திருக்கிறது. ஆறு ஆண்டு ஒருவர் கட்டி எழுப்பிய சுவரே அங்கே சான்று.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. வீட்டு வேலைக்கு வளைகுடா போகும் பெண்ணிடம் நம் சட்டம் கேட்பது வயதைத்தான். இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும்; அரசு முகமைகள் வழியேதான் போக வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவரைத் திருப்பிப் படுக்க வைப்பதும், குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுவதை நேரத்தில் அறிவதும் திறன் என்று சவூதியின் அந்த முதற்பட்டியலில் இல்லை. சோதிக்கப்படாததால் அவர்களுக்குச் செலவு குறைவு என்று சிலர் ஆறுதல் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். மாற்றுப் பார்க்காத பொன்னுக்கு யாரும் முழு விலை கொடுப்பதில்லை. சம்பளப் பேச்சில் அந்தப் பெண்கள் கையில் காட்ட எதுவும் இல்லாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். இலங்கை வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அங்கிருந்து வந்திருக்கும் ஆய்வாளர்கள் அதன் நன்மை தீமைகளை நாளை விரிவாகப் பேச வேண்டுகிறேன்.

ஆகவே இன்று கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். தேர்ச்சி விகிதத்தையும் சம்பள உயர்வையும் நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். அவற்றோடு, நீங்கள் ஆய்ந்த மையத்தில் கட்டணத்தைத் தந்தவர் யார், அது கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது, மையத்தை நடத்துபவர் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை யார் முன் வந்து நின்று கணக்குச் சொல்கிறார் என்ற மூன்றுக்கும் விடை சேர்த்துச் சொல்லுங்கள். விடை கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பதையே பதிவு செய்யுங்கள். நாளை மாலை நாம் நிறைவேற்றப் போகும் தீர்மானம் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கும் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் போகும். அதில் எழுத வேண்டிய வரிகள் அந்த விடைகளிலிருந்துதான் வர வேண்டும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.