டன் கணக்கு போடுறோம், ஆள் கணக்கு எங்கே?

(இணைய அணியின் வாராந்திர நேரலைக் கூட்டத்தில் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



போன வாரம் நம்ம டீம் ஒரு கார்டு போட்டோம். 2024-25-ல் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது பற்றி. டிசைன் நல்லா இருந்துச்சு, ஷேரும் நல்லா போச்சு. கீழே ஒரு அண்ணன் ஒரே வரியில கேட்டிருந்தார்: "தம்பி, எத்தனை பேர் செத்தாங்கன்னும் போடலாமே?" நம்ம பசங்க சிலர் அவரை எதிர்முகாம்னு நினைச்சு கலாய்ச்சுட்டாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதனாலதான் இன்னைக்கு இதைப் பேசுறேன்.

நான் மெக்கானிக்கல் படிச்சவன். நிலக்கரிச் சுரங்கம்னா தீ, விஷவாயு, கூரை இடிஞ்சு விழுறது, இதுதான் எனக்கும் தெரியும். தேடிப் படிச்சப்போதான் புரிஞ்சது, நம்ம நாட்டுச் சுரங்கங்களில் கொத்துக் கொத்தா ஆளைக் கொன்றது பல தடவை தண்ணீர்.

1975 டிசம்பர் 27. தன்பாத் பக்கத்துல சாஸ்நாலா. மேலே கைவிடப்பட்ட பழைய சுரங்கம், உள்ளே வருஷக்கணக்கா தேங்கின தண்ணீர். கீழே ஆட்கள் வேலை பார்க்கிறாங்க. நடுவுல இருந்த தடுப்பு உடைஞ்சது. 370 பேருக்கு மேல் போயிட்டாங்க. உள்ளே சிக்கியவர்களில் ஒருத்தரைக்கூட உயிரோட மீட்க முடியல. இதை வெச்சுத்தான் 1979-ல் அமிதாப் பச்சன் நடிச்ச 'காலா பத்தர்' படம் வந்துச்சு. படம் நாலே வருஷத்துல வந்துடுச்சு, தீர்ப்பு எப்போ வந்துச்சு தெரியுமா? 2012-ல். ரெண்டு அதிகாரிகளுக்கு ஓராண்டு சிறை. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. தண்ணீர் தேங்கியிருக்கக்கூடிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டர் தூரத்துக்குள்ள போகணும்னா சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேணும். முன்னாடியே துளை போட்டுப் பார்த்துட்டுத்தான் நகரணும். ஆனா 60 மீட்டரை எதை வெச்சு அளப்பீங்க? பழைய வரைபடத்தை வெச்சு. அந்த வரைபடம் தப்பா இருந்தா, இல்லாமலே போயிருந்தா, சட்டம் காகிதத்துல பத்திரமா இருக்கும், ஆள் தண்ணிக்குள்ள இருப்பான். சாஸ்நாலாவுக்கு 25 வருஷம் கழிச்சு, 2001 பிப்ரவரியில, அதே ஜாரியா வட்டாரத்துல பாக்டிகி சுரங்கம். அதே கைவிடப்பட்ட சுரங்கத் தண்ணீர். 29 பேர்.

காப்பாத்த முடியாத விஷயமும் இல்ல இது. 1989 நவம்பர் 13, ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கம். தண்ணீர் பாய்ஞ்சதுல 6 பேர் இறந்தாங்க, 65 பேர் உள்ளே மேடான ஒரு இடத்துல ஒதுங்கி நின்னாங்க. ஜஸ்வந்த் சிங் கில்னு ஒரு பொறியாளர். மேலேருந்து துளை போட்டு, 22 அங்குல விட்டத்துல ஒரு இரும்புக் கூண்டு செய்யவெச்சு இறக்கினார். 22 அங்குலம்னா ரெண்டு அடிகூட இல்ல, ஒரு ஆள் தோளைக் குறுக்கிட்டு நிக்கலாம், அவ்வளவுதான். அதுல வேற யாரையும் அனுப்பாம அவரே முதல்ல உள்ளே போனார். ஒவ்வொருத்தரா 65 பேரையும் மேலே அனுப்பினார். எஞ்சினியரிங் படிச்சிட்டு மீம் போட்டுட்டு இருக்கோமேன்னு எனக்கு ஒரு நிமிஷம் கூச்சமா இருந்துச்சு, உண்மையா சொல்றேன்.

2018 டிசம்பர்ல மேகாலயாவில் க்சான் கிராமத்துல அந்த அதிர்ஷ்டம் இல்ல. எலிவளைச் சுரங்கம். 2014-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. ஆனாலும் நடந்துச்சு. தண்ணீர் புகுந்து 15 பேர் சிக்கினாங்க. கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தும் ரெண்டு உடல்தான் வெளியே வந்துச்சு.

"இப்போ எல்லாம் திறந்தவெளிச் சுரங்கம்தானே தம்பி"ன்னு கேப்பீங்க. சரிதான், இன்னைக்கு உற்பத்தியில நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அப்படித்தான் வருது. அங்கே மண் சரியும். 2016 டிசம்பர்ல ஜார்கண்ட் லால்மாட்டியாவில் கொட்டி வெச்ச மேல்மண் சரிஞ்சு 23 பேர் புதைஞ்சாங்க. ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள்.

நம்ம நெய்வேலியும் திறந்தவெளிதான். நாட்டின் லிக்னைட் வளத்துல முக்கால் பங்குக்கு மேல் தமிழ்நாட்டு மண்ணுக்கு அடியில இருக்குன்னு பெருமையா போடுறோம். அந்தப் படுகைக்குக் கீழே தண்ணீர் மேல்நோக்கி அழுத்திட்டு இருக்கு. ராத்திரி பகலா பம்ப் ஓடி அந்த அழுத்தத்தைக் குறைச்சாதான் தோண்டவே முடியும், இல்லேன்னா சுரங்கத்தின் தரையே பிளந்துடும். அந்தப் பம்ப் பக்கத்துல நிக்கிற ஆள் யாரு, நிரந்தரமா, ஒப்பந்தமா? 2020 ஜூலை 1-ல் அங்கே அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடிச்சு அன்னைக்கே 6 பேர் இறந்தாங்க, அப்புறம் ஆஸ்பத்திரியிலும் உயிர்கள் போச்சு. அதிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தாங்க.

கரியே வேணாம்னு நான் சொல்ல வரல. இந்த நேரலை ஓடுற கரண்ட்லயும் கரி இருக்கு. நான் கேக்குறது வேற. வளம் இத்தனை கோடி டன், உற்பத்தி இத்தனை கோடி டன்னு கார்டு போட்டா, அதே கார்டுல அந்த வருஷம் சுரங்கத்துல இறந்தவங்க எண்ணிக்கையும் இருக்கணும். அதுல ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை பேர்னு தனியா இருக்கணும். எந்த ஆட்சியா இருந்தாலும் சரி, நாம இருந்தாலும் சரி.

அந்த அண்ணன்கிட்ட நான் கமெண்ட்லயே மன்னிப்பு கேட்டுட்டேன். கலாய்ச்ச பசங்களும் கேட்டுடுங்க, அந்தக் கமெண்ட் இன்னும் மேலேயேதான் இருக்கு. நெய்வேலி, மந்தாரக்குப்பம் பக்கம் இருந்து பார்க்கிற உறவுகள், உங்க வீட்டுல சுரங்க வேலைக்குப் போறவங்க இருந்தா பேஜுக்கு மெசேஜ் பண்ணுங்க, பேர் வெளியே வராது. புதுக் கார்டோட டிராஃப்ட் வியாழக்கிழமை குரூப்ல போடுறேன், தப்பு இருந்தா அங்கேயே சொல்லுங்க.