லைசென்ஸ் வேண்டாம், சரி. நஷ்ட ஈடு யார் தருவது?



ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் நம் பிள்ளைகள் வாடகை மின்வண்டியில் சோற்றுப் பொட்டலம் சுமக்கிறார்கள். "லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்" என்று வண்டிக்காரர் சொல்வது பொய்யல்ல. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவு என்று சோதனை நிலையம் சான்று தந்திருந்தால், 1989ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி அது மோட்டார் வாகனமே அல்ல.

மோட்டார் வாகனம் அல்லவென்றால் கட்டாய இன்சூரன்சும் இல்லை! இதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. லாரி நம் பையனை இடித்தால் லாரியின் இன்சூரன்சில் நஷ்ட ஈடு கேட்கலாம். நம் பையன் ஒரு பாட்டியை இடித்தால்? ஆஸ்பத்திரிச் செலவு அவன் தலையில். அதாவது வீட்டுச் சீட்டுப்பணத்தில், அம்மாவின் தோட்டில்.

கர்நாடக அரசு 2025இல் ஆப் வழித் தொழிலாளருக்கு நலச்சட்டம் கொண்டுவந்தது, வரவேற்கிறோம். கம்பெனி ஒவ்வொரு கூலிக்கும் 1 முதல் 5 சதவீதம் நலநிதி கட்டவேண்டும். ஆனால் அது ஓட்டுகிறவனுக்கு. அடிபட்ட பாட்டிக்கு அல்ல. வாடகைக்கு விடுகிறவரே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுக்கட்டும் என்று கேட்கிறோம்.

மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டும் தம்பிகளே! 25ஐத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் மூன்றும் கேட்பார்கள்.

செல்போனில் 'சம்மதம்' என்று தட்டினீர்களே, அந்த வாடகை ஒப்பந்தத்தை அச்செடுத்துச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.