போத்தலுக்குள் ஒரு வாழைக்குட்டி
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் உயிரியல் படித்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றிய விளக்கடியில்தான் ‘இழைய வளர்ப்பு’ என்ற பாடத்தை மனனம் செய்தோம். ஏகார், ஒட்சின், சைற்றோகைனின் எல்லாம் அன்று எமக்கு வெறும் சொற்கள். பல ஆண்டுகளின் பின், ஓர் ஆய்வுகூடத்தில் அதே போன்ற போத்தல்களுக்குள் வாழைக்குட்டிகள் வரிசையாக நிற்கக் கண்டபோதுதான் பாடம் விளங்கியது.

நாம் உண்ணும் கதலிக்கும் இதரைக்கும் விதை இல்லை. தாய்மரத்தின் கிழங்கிலிருந்து குட்டியைப் பிரித்தே நடுகிறோம். தாய்க்கு நோய் இருந்தால் குட்டிக்கும் இருக்கும். இலங்கையில் 1913ஆம் ஆண்டிலிருந்து அறியப்பட்ட முடிக்கொத்து நோய் இப்படித்தான் தோட்டம் மாறுகிறது. இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாகிவிடும்; நல்ல குலை வராது. இந்த வைரசை மரத்துக்கு மரம் காவுவது அழுக்கணவன் பூச்சி. நோய்கண்ட மரத்துக்கு மருந்தில்லை. கிழங்கோடு அழிக்கவே வேண்டும்.

தாவரத்தின் நுனியிலுள்ள பிரியிழையத்தில் வைரசு பெரும்பாலும் குறைவு. 1952இல் பிரான்சில் மொரெல், மார்ட்டின் இருவரும் நோயுற்ற டாலியாச் செடியின் நுனியை வளர்த்து நோயற்ற செடியைப் பெற்றனர். வாழையிலும் சிறு நுனியை வெட்டி, கிருமி நீக்கி, சீனியும் கனியுப்புகளும் ஓமோன்களும் கலந்த ஏகார் ஊடகத்தில் வைக்கிறார்கள். சைற்றோகைனின் கூடினால் தளிர்கள் பெருகும். ஒட்சின் வேரைத் தூண்டும். பின்னர் நிழலில் மெல்ல மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்கி, தோட்டத்துக்கு அனுப்புவார்கள்.

இந்தத் துறை எமது மருத்துவத்துக்கும் உறவுதான். 1958இல் ஸ்டூவார்ட் குழுவினர் கரட் கலங்களிலிருந்து முழுச் செடியை வளர்த்துக் காட்டினர். 2012இல், கரட் கலங்களில் உற்பத்தியாகும் கோஷே நோய்க்கான நொதி மருந்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது.

ஆனால் வைத்தியர்களாக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நோயற்ற கன்று என்பது நோயெதிர்ப்புள்ள கன்று அல்ல. போத்தலில் வளர்ந்ததனால் மட்டும் வைரசு நீங்கிவிட்டதென்றும் கொள்ளமுடியாது. தாயையும் கன்றையும் சோதிக்க வேண்டும். சோதித்த கன்றை நட்டாலும், பக்கத்து வளவில் நோய்மரம் நின்றால் அதற்கும் தொற்றும். பிரசவ அறை எவ்வளவு சுத்தமாயிருந்தாலும், பிள்ளை போய்ச்சேரும் வீடும் சுத்தமாயிருக்க வேண்டுமல்லவா? அளவுமீறிப் பலமுறை பெருக்கினால் தாயின் இயல்பு மாறிய கன்றுகளும் வரும். ஒரே இனத்தை ஊரெல்லாம் நட்டால், ஒரு நோயே எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்.

ஆகவே, ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வளவில் நிற்கும் நல்ல கதலியையும் இதரையையும் மொந்தனையும் கைவிடாதீர்கள். நாளை ஆய்வுகூடம் தேடி வரப்போவது அந்தத் தாய்மரங்களைத்தான். நோய்கண்ட மரத்தின் குட்டியை அயலாருக்குக் கொடுக்காதீர்கள்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, ஊருக்கு வந்து திரும்பும்போது அம்மா நட்ட வாழையின் குட்டியொன்றைப் பெட்டிக்குள் வைக்க ஆசை வரும். எமக்கும் வந்ததுண்டு. வேண்டாம், அதோடு நோயும் பயணப்படும். நாட்டுக்கு நாடு வாழை செல்ல வேண்டுமானால், சோதித்த இழைய வளர்ப்புக் கன்றாக, உரிய அனுமதியோடு செல்லட்டும்.