முடிவு எழுதுமுன் ஒரு சோதனை



நான் இந்தக் கல்லூரியில் பி.யூ.சி. படித்தவன். ஒருநாள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சுடர் செங்கல் சிவப்பாகத் தெரிந்ததுமே ‘கால்சியம்’ என்று நோட்டில் எழுதிவிட்டேன். எங்கள் சார் பார்த்துவிட்டு, “உறுதிச் சோதனை எங்கேப்பா? அதைச் செய்யாம முடிவு எழுதக் கூடாது” என்றார். அந்த வார்த்தையை நான் மறந்ததால் ஒரு பையன் ஆறு வாரம் அவதிப்பட்டான். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நான் டாக்டரான புதிது. விடுதியில் தங்கிப் படித்த 19 வயது மாணவனை அழைத்து வந்தார்கள். தூக்கமில்லை; காரணமில்லாத பயம்; எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற சந்தேகம். “பரீட்சை பயம் சார், முத்திப்போச்சு” என்றார் அப்பா. அம்மா மந்திரித்த கயிறு கட்டியிருந்தார். நானும் மனநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்தேன். “கை மரத்துப்போகுது, விரல் இழுத்துக்குது சார்” என்று அவன் சொன்னான். அதுவும் பயத்தால்தான் என்று ஒதுக்கிவிட்டேன். ஆறாவது வாரம் வலிப்பு வந்தது.

என் மூத்த மருத்துவர் வந்து, அவன் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டினார். வாயோரம் துடித்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி மூன்று நிமிடம் இறுக்கி வைத்தார். மணிக்கட்டு மடங்கி, விரல்கள் குவிந்துகொண்டன. ரத்தத்தில் கால்சியம் 100 மில்லிக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அவனுக்கு 5.4!

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. 1880-இல் மனித உடலில் இவற்றை விவரித்தவர் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர். ஆமாம், மாணவர்தான்! இவற்றின் ஹார்மோன் குறைந்தால் கால்சியம் இறங்கி, நரம்புகள் அளவுமீறித் துடிக்கும், மனமும் தடுமாறும். அது மிகுந்தால் கால்சியம் ஏறி, சோர்வும் குழப்பமும் வரும். தைராய்டு மிகுந்தால் படபடப்பு, எரிச்சல், உடல் மெலிவு. குறைந்தால் மந்தம், மறதி, மனவாட்டம். தைராய்டு குறைவால் மனம் பேதலித்த 14 பேரைப் பற்றி 1949-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள்.

எங்கள் பையனுக்கும் நரம்பு வழியாகக் கால்சியத்தை மெதுவாக ஏற்றினோம். பிறகு கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி. சில வாரங்களில் மனம் தெளிந்தது. விட்ட பரீட்சையை மறு வருஷம் எழுதித் தேறினான். ஆனால் இழந்த அந்த ஆறு வாரம்? அது என் கணக்கில்தான்.

எல்லா மனநோய்க்கும் கால்சியம்தான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது. மனநோய் வெட்கப்பட வேண்டிய விஷயமும் அல்ல. நான் கேட்பது சின்ன விஷயம். அறைத்தோழன் ஆளே மாறிப்போனால் கேலி செய்யாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கை மரப்பு, தசை இழுப்பு, எடை மாற்றம், கழுத்து வீக்கம், முன்பு நடந்த கழுத்து ஆபரேஷன் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர்களாக இருக்கும் நம் பழைய மாணவர்களே, கால்சியமும் தைராய்டும் பார்க்க ஒரு ஊசி ரத்தம் போதும்.

முடிவை அதற்கப்புறம் எழுதுவோம். எங்கள் சாருக்கு நான் செலுத்தும் நன்றியும் அதுதான்.